பாதிப் பூ

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் ஜெயமணி அம்மாள், அவருடைய நாத்தனார் சலோமி, மகன் தேவசித்தம் ஆகிய மூவர்தான். பெட்டிக்குள் இருந்தது, குடும்பத்தில் இறந்தவர்களின் தலைமுடியைக் கம்பியில் சுற்றிச் செய்த மலர்வளையம். எப்போதோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் மனைவி அந்த வீட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. கணவன் இறந்தால் அவன் முடியில் பாதிப் பூ செய்வார்கள். மீதி இதழ்கள் வெறும் கம்பியாக மனைவிக்குக் காத்திருக்கும். பூச்சி அரிக்கிறதென்று சுவரின் உயரத்திலிருந்து இறக்கியபோதுதான் ஜெயமணி அம்மாள் தன் கணவரின் பூவைக் கிட்டத்தில் பார்த்தார். தனக்காகக் காத்திருக்க வேண்டிய வெறும் கம்பிகளில் கன்னங்கரேலென்ற சுருள்முடி நிறைந்திருந்தது. ஆலயப் பாடகர் குழுவில் அப்படிச் சுருள் ஒருத்திக்குத்தான் உண்டு.

“கிரேசோடதா?”

பூவைச் செய்த சலோமி தலைகுனிந்தாள். “அண்ணன்தான் சாகக் கெடக்கையில இந்த முடிய எங்கையில தந்தாவ, மதினி. நான் என்ன செய்ய?”

“இத்தன வருசம் இதுக்குக் கீழ உக்காந்துதான எங்கூட ஜெபம் பண்ணுன?”

“பிச்சிப் போட்டுரவாம்மா?” என்றான் மகன்.

“கை வைக்காத. இருந்த எடத்துலயே மாட்டு.”

கிறிஸ்துமசுக்கு வந்த இப்போதைய பாதிரியாரின் மனைவி சுவரை அண்ணாந்து பார்த்தார். “அந்தச் சுருள் உங்க சின்ன வயசு முடியாமே, சலோமி சொன்னாங்க. என்ன அழகு!”

சலோமி அவசரமாகக் கேக் தட்டை அவர் முன் நீட்டினாள்.

“இல்ல,” என்றார் ஜெயமணி அம்மாள். “எனக்கு எப்பவும் நேர்முடிதான். கேக் எடுத்துக்கிடுங்க.”