துடைத்த இடம்

டயாலிசிஸ் வார்டு நர்ஸ் ஜெசிந்தா, ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளாமலேயே பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டாள். ஊசி போட்டால்தான் காய்ச்சலே வரும் என்பது அவள் எண்ணம். யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று இடது கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். ஒட்டுவதற்கு முன், கைப்பழக்கத்தில் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தும் விட்டாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு தடித்த ஊசிகள் என்று ஏழு வருடமாகக் குத்து வாங்கும் தனுஷ்கோடி, சீருடைக்கு வெளியே தெரிந்த பஞ்சைப் பார்த்துவிட்டார்.

“ரொம்ப வலிச்சுதா சிஸ்டர்? எங்களுக்காகத்தானே போட்டுக்கிட்டீங்க.”

“இல்லண்ணே” என்றாள்.

அடுத்த வாரம் அவரைக் காய்ச்சலோடு தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஜெசிந்தா அருகில் குனிந்ததும் அவர் அவசரமாகத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எங்கேர்ந்து ஒட்டிச்சுன்னே தெரியல சிஸ்டர். நல்லவேளை, உங்களுக்கு ஊசி போட்டாச்சு.”

ஐந்து நாளாக அவள் அடக்கி வந்த இருமல் தொண்டைவரை ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையை ஸ்பிரிட்டால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.