வரிசையில வா!

"ஏய் சிலோன்காரி! பின்னாடி போ. வரிசையில வா!"

ரேணுகாம்பாள் போட்ட சத்தத்தில் குழாயடியே அதிர்ந்தது. சரோஜா தலையைக் குனிந்துகொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனாள்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?" என்று பாய்ந்தாள் ஜோதியம்மாள். "பதுளையில பொறந்து வளர்ந்தவ. இந்தியாவுக்குப் போன்னு கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க. பாவம்னு நாங்கல்லாம் முன்னாடி விடுறோம். உனக்கு இன்னாடி கஷ்டம்?"

"வரிசைன்னா வரிசைதான்க்கா."

திருவண்ணாமலை பே கோபுரத் தெருவே சரோஜா குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஜோதியம்மாள் பின்கட்டு அறையை வாடகை இல்லாமல் விட்டிருந்தாள். ஒரு வீட்டிலிருந்து அரிசி வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து பாத்திரம், பாய். கோதண்டராமன் வாத்தியார் பிள்ளைகளைத் தானே அழைத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

எதைக் கொடுத்தாலும் சரோஜா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குவாள். "நல்லா இருக்கணும்ங்க" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலோடு நின்றுவிடுவாள்.

ரேணுகாம்பாள் மட்டும் ஒரு பிடி அரிசி கொடுத்ததில்லை. கொடுத்ததெல்லாம் ஏச்சுதான்.

சித்திரை வந்தது. குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. அன்று சரோஜாவின் முறை வந்தபோது, ரேணுகாம்பாள் தன் குடத்தைக் குறுக்கே நுழைத்தாள்.

"எடுங்க குடத்தை!"

யார் குரல் இது? எல்லோரும் திரும்பினார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள் சரோஜா.

"தினமும் வரிசை வரிசைன்னு என்னை ஏசிட்டு, இப்ப நீங்க மட்டும் நடுவுல பூருவீங்களா? எங்க எஸ்டேட்ல தண்ணிக்கு நான் போடாத சண்டையா? பின்னாடி போங்க!"

ரேணுகாம்பாள் குடத்தோடு கடைசிக்குப் போனாள். யாரோ குபீரென்று சிரிக்க, சரோஜாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வந்த நாளாக அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

குடம் நிறைந்தும் அவள் போகவில்லை. பெண்களோடு நின்று வெகுநேரம் கதை பேசினாள். "சாயங்காலம் தேங்கா ரொட்டி சுடுறேன். எல்லாரும் வந்துடணும்" என்று அதட்டலாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா?" என்ற ஜோதியம்மாள், ரேணுகாம்பாளின் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள். "இன்னாடி, சந்தோஷமா நிக்கிற?"

"நாங்க ரங்கூன்லேர்ந்து வந்து இந்தத் தெருவுல இறங்கினப்ப, நீங்கல்லாம் ஒரு குறையும் வெக்கலக்கா. அரிசி, பாய், பாத்திரம், எல்லாம் குடுத்தீங்க. ஆனா ஒருத்தரும் என்னோட சண்டை போடல. விருந்தாளி மாதிரியே ரொம்ப நாள் பயந்து பயந்து நின்னேன்."

"அட, நீயும் ரங்கூன்காரிதானே! மறந்தே போச்சுடி."

"அப்புறம் ஒரு நாள் இதே குழாயடியில, 'உங்கப்பன் வீட்டுக் குழாயாடி?'ன்னு கேட்டு நீங்கதான் என் குடத்தை எட்டி உதைச்சீங்க. இந்த ஊருக்கு வந்து நான் நிம்மதியாத் தூங்கினது அன்னிக்குத்தான்க்கா!"