எண்ணெய் படாத தலை

விழா தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, முகத்தில் பவுடர் போட விடமாட்டேன் என்று மகள் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வுபெற்ற நில அளவையாளருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

கார் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் மேடை போட்டிருந்தார்கள். 'உயர்ந்து வரும் பெண்கள்' என்று பதாகை. உயர்ந்து வருகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் தலை வாரி, முகம் பளபளக்க நின்றார்கள். இவருடைய மகள் மட்டும் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல, வறண்ட தலையும் வெறும் முகமுமாக நின்றாள்.

நான்கு தலைமுறையாகப் பேர் சொல்லும் குடும்பம். இரண்டாம் வரிசையில் தம்பியும் அவன் சம்பந்தியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

"கொஞ்சம் போட்டுக்கிட்டா குறைஞ்சா போயிடுவ? நாலு பேர் பார்க்கிற இடம்மா இது."

"ரெண்டு மணிக்குப் புது கலர் அடிக்கிறாங்கப்பா. நான்தான் உள்ள நின்னு பார்க்கணும்."

நான்கடி தள்ளி நின்றே இதைச் சொன்னாள்.

அந்த நான்கடிதான் அவருக்கு ஆறவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம். முதல் நாள் காலை தலையில் கை வைத்து அனுப்பினார். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்று அவள் விடைபெற்றதில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன்பா" என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

சம்பளம் வந்ததும் திமிரும் வந்துவிட்டது என்று தம்பியிடம் ஒருமுறை சொன்னார். மகளிடம் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் போய் ஏன், எதற்கு என்று நிற்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

இன்றைக்குப் புது கலர் சரியாக வந்தால் பெயின்ட் பிரிவில் ஒரு ஷிப்ட் முழுவதும் அவள் பொறுப்பு. இதுவரை எந்தப் பெண்ணும் உட்காராத நாற்காலி. சொதப்பினால், அதற்காகவே காத்திருக்கிற வேறொருவனுக்குப் போய்விடும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்கும் பவுடருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் விளங்கவில்லை.

மேடையோரம் வந்து நிற்கும்படி மகளைக் கூப்பிட்டார்கள். வெறும் முகத்தோடே போனாள்.

பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த மனிதவளப் பிரிவுப் பெண், பக்கத்தில் நின்ற பெயின்ட் பிரிவுக்காரியிடம் முறையிட்டாள். தூசி ஒன்று இருந்தாலும் பத்தடியிலிருந்தே கண்டுபிடிக்கிறவள் என்பதால் அவளுக்கு 'லென்ஸ் அக்கா' என்று பெயர்.

"அவ பண்றதுதான் சரி மேடம். பவுடர், க்ரீம், எண்ணெய், எது பட்டாலும் அந்த இடத்துல பெயின்ட் நிக்காது. அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா விழும்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் யாரென்று தெரியாமல் லென்ஸ் அக்கா சிரித்தாள்.

"சேர்ந்த அன்னிக்கே பட்டுட்டா பாவம். யாரோ மவராசன் தலையில எண்ணெய்க் கையை வச்சு அனுப்பியிருக்காரு. இவ தலையை ஒதுக்கின கையோட வண்டியைத் தொட்டுத் தொட்டுத் துடைச்சிருக்கா. ஒன்பது வண்டி. எல்லாத்தையும் தேய்ச்செடுத்து மறுபடி அடிச்சோம். யாரு வச்ச கைன்னு கேட்டு சூப்பர்வைசர் அந்தக் கத்து கத்துனாரு. வாயே திறக்கலையே. ஒரு மாசம் அவளை உள்ளயே விடல."

நில அளவையாளர் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர். இருபது வருடப் பழக்கம். தேய்த்த கையைத் துண்டில் துடைத்துக்கொள்வதோடு சரி.

இன்றைக்கும் அப்படித்தான்.

மேடையில் இயக்குநர் பேசினார். பெண் என்றால் பொறுமை, பெண் என்றால் பூ என்று ஒன்பது நிமிடம் பேசினார். பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு மகளின் பெயரை அழைத்தார்கள். கூடவே தகப்பனாரையும் அழைத்தார்கள்.

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். கேடயம் கொடுத்தார்கள். கைதட்டினார்கள்.

"சார், பொண்ணு தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாம்," என்றார் போட்டோக்காரர்.

மகள் சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு, அவர் முன்னால் வந்து தலையைக் குனிந்தாள்.

அத்தனை பேர் எதிரில் அப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

வகிடு கண்ணுக்கு நேரே தெரிந்தது. இரண்டு நரை முடிகள். அவை எப்போது வந்தன என்று அவருக்குத் தெரியாது.

கை தானாக எழுந்தது. பாதியில் நின்றது.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பரவாயில்ல, வைங்கப்பா," என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"மணியாகுது. போய் வேலையைப் பாரு."

மைக் பக்கத்திலேயே இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

கைதட்டல் ஓய்ந்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். இரண்டாம் வரிசையில் தம்பி, சம்பந்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருத்தி, "பெத்த பொண்ணை வாழ்த்தக்கூட மனசு வரல பாரேன்" என்றது மேடை வரைக்கும் வந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்க மூன்று படி. மனிதவளப் பிரிவுப் பெண் தாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது.

கட்டிய கையைப் பிரிக்காமலேயே அவர் இறங்கினார்.