மனம் மாற்றும் நிபுணர்

பிறர் மனதை மாற்றுவது எப்படி என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவன், பெற்ற அப்பாவின் மனதை மாற்ற ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். வரவழைத்தது முந்தின ராத்திரி வந்த தங்கையின் போன்.

“அண்ணே, மூணு நாளா கெஞ்சுறோம். நெஞ்சுல ஆபரேஷன் வேண்டவே வேண்டாமாம். பிடிச்ச முயலுக்கு மூணே கால்ங்கிறாரு. தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“கவலையை விடு. எனக்குப் பத்து நிமிஷம் போதும்.”

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டான். எதிரே இருப்பவர் செய்வதையே நாமும் செய்தால் நெருக்கம் வரும் என்பது அவனுடைய முதல் பாடம். அப்பா காதைச் சொறிந்தார், இவனும் சொறிந்தான். அப்பா இருமினார், இவனும் இருமினான்.

“உனக்கும் நெஞ்சு சரியில்லையாப்பா?” என்றார் அப்பா.

இரண்டாம் பாடத்துக்குத் தாவினான். மூன்று ‘ஆமா’ வாங்கிவிட்டால் நாலாவது தானே வருமாம்.

“வெயில் ஜாஸ்தி, இல்லப்பா?”

“ஆமா.”

“கட்டில் வசதியா இருக்கு, இல்ல?”

“ஆமா.”

“படி ஏறினா மூச்சு வாங்குது, இல்ல?”

“ஆமா.”

“அப்ப ஆபரேஷன் பண்ணிக்கலாம், இல்ல?”

“வேண்டாம்.”

“சரி, செவ்வாய்க்கிழமை வெச்சுக்கலாமா, புதன்கிழமையா?” மறுக்கவே இடம் தராத மூன்றாம் பாடம்.

“வேண்டாம்” என்றார் அப்பா, பிடி தளராமல்.

பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமானது. ஆபரேஷன் செய்துகொண்டு பேத்தியோடு ஓடிப்பிடித்து விளையாடியவர் கதையைச் சொன்னான். செய்யாமல் போய்ச் சேர்ந்தவர் கதையையும் சொன்னான். வேண்டிய இடத்தில் குரல் கச்சிதமாகத் தழுதழுத்தது. பெரியவர் தலையணையைச் சரிசெய்து, வாகாகச் சாய்ந்து கேட்டாரே தவிர, கல்லுளிமங்கனாக அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில் நிபுணருக்குத் தொண்டை கட்டியது.

“தண்ணியைக் குடிப்பா. பண்ணிக்கிறேன்” என்றார் அப்பா.

இமயத்தில் கொடி நட்டவன் மாதிரி நர்ஸைக் கூப்பிட்டான். “சிஸ்டர், சம்மதிக்க வெச்சுட்டேன். கையெழுத்து வாங்கிக்குங்க.”

“காலையிலேயே போட்டுட்டாரே சார்! பயமா இருக்கான்னு கேட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஆபரேஷன் அன்னைக்கு நான் பக்கத்துலயே இருக்கேன்னு சொன்னேன். உடனே பேனா கேட்டாரு.”

மகனுக்கு முகம் சுருங்கிப்போனது. “இதை நான் வந்ததுமே சொல்லியிருக்கலாமேப்பா?”

“சொல்லியிருந்தா, அப்பவே கிளம்பியிருப்பியே.”