நிபந்தனைக்குக் கிழித்த கூறை

சரிகையில் கத்தரிக்கோல் ஓடவில்லை.

நுனியைப் பல்லால் கடித்துப் பிளந்து, இரண்டு கையாலும் இழுத்தாள். கல்யாணத்தன்று கட்டிய சிவப்புக் கூறைச் சேலை கிழிந்தது. ஐந்து ஊர் மாறியவள். சட்டி பானையை விட்டாலும் இதை விடாமல் தூக்கி வந்தவள்.

ஆஸ்பத்திரிக் கூரைக்குச் சிவப்பு வேண்டியிருந்தது. சாயம் தீர்ந்துவிட்டது. இரத்தத்துக்குக் குறைவில்லைத்தான், ஆனால் அது காய்ந்தால் கறுத்துப்போகும்.

அன்று காலை டொக்டர் அருந்தவம் சிரித்தார். காயம் கட்டும் மிஸியாக அவள் அவரோடு வேலை செய்த நாலு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. ரேடியோவில் செய்தி வந்திருந்தது. அரசாங்கத்துக்கு ஷெல் குண்டு கொடுக்கிற பெரிய நாட்டின் பாராளுமன்றம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சும்மா கொடுப்பதா, நிபந்தனை போட்டுக் கொடுப்பதா என்று பதினொரு நாள் விவாதம். சண்டையில் நிற்கும் நண்பனின் கையைக் கட்டக்கூடாது என்று ஒருவர் மேசையில் தட்டினாராம். நம் கையில் இரத்தம் படியக்கூடாது என்று இன்னொருவர் கண்கலங்கினாராம். கடைசியில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். கூரையில் சிவப்புச் சிலுவை தெரிகிற ஆஸ்பத்திரியை அடிக்கக்கூடாது. அந்த நிபந்தனையோடு அடுத்த கப்பல் புறப்படும்.

நல்ல மனிதர்கள். பதினொரு நாளும் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசியிருப்பார்கள்.

இங்கே பதினொரு நாளும் ஷெல் விழுந்தது.

பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. அறுபது பேர் பாயில் கிடந்தார்கள். எழுந்து ஓடக்கூடியவர் ஒருவரும் இல்லை. அவள் புருஷன் கமலேந்திரன் கடைசி அறையில், இரண்டு தொடையிலும் பலகை வைத்துக் கட்டிக் கிடந்தான்.

வெள்ளை விரிப்பில் சேலைத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தைத்தாள். கூரையில் ஏறி விரித்துக் கல் வைத்தாள். வெயிலில் சரிகை மின்னியது.

மேலே வேவு விமானம் இரைந்தது. சனம் அதற்கு வண்டு என்று பேர் வைத்திருந்தது. வண்டு இரண்டு முறை வட்டமடித்தது.

பார்த்துவிட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் ஷெல் சிலுவையின் நடுவில் விழுந்தது.

கூரை உள்ளே வந்தது. அவள் ஊசி போட்டுக்கொண்டிருந்த கிழவரின் கை அவள் கையில் இருந்தது. கிழவர் இல்லை.

இரண்டாவது, பிரசவ அறையில்.

மூன்றாவது, கிணற்றடியில் தண்ணீருக்கு நின்ற வரிசையில். வேலியில் தொங்கியதைப் பார்க்காமல் அவள் அதைத் தாண்டி ஓடினாள். கடைசி அறை மட்டும் நின்றது. கமலேந்திரன் வாய் நிறைய மண்ணோடு அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

பின்னேரம் ஒரே குழியில் மூடினார்கள். எது யாருடையது என்று பொருத்திப் பார்க்க நேரமில்லை.

மிஞ்சியவர்களை அரை மைல் தள்ளி ஒரு நெல் களஞ்சியத்துக்குத் தூக்கிப் போனார்கள். ரேடியோ அங்கும் வந்தது. அடையாளம் போட்ட எந்த ஆஸ்பத்திரியையும் அடிக்கவில்லை என்று அரசாங்கம் மறுநாளே எழுதிக் கொடுத்ததாம். பெரிய நாடு ஏற்றுக்கொண்டதாம். கப்பல் புறப்பட்டுவிட்டது.

டொக்டர் அப்போதும் நிபந்தனையை நம்பினார். படித்த மனிதர், வேறு எதை நம்புவார்? அடையாளம் சிறிதாகப் போய்விட்டது, இம்முறை பெரிதாக விரிக்க வேண்டும் என்றார்.

சேலையின் மறுபாதியை அவள் எடுத்தாள். தைத்து முடிக்கும்வரை கமலேந்திரன் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்தபோது அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இஞ்ச பாரும். என்னைக் கொல்லுறதெண்டா உம்மட கையால கொல்லும். அதை மேல விரிக்காதையும்."

அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

ஏணிப் பக்கம் போகவில்லை.

துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். இடிந்த பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள். அறை அறையாகப் பார்த்தாள். யாரும் இல்லை. குழியடியில் நாய்கள் நின்றன. கல்லெறிந்து துரத்தினாள். அதுகளும் உயிர்தானே.

கடைசி அறைமேல் மிச்சமிருந்த கூரையில் ஏறி விரித்தாள். நாலு மூலையிலும் கல் வைத்தாள். சுருக்கம் விழாமல் நீவியும் விட்டாள்.

வண்டு வந்தது. அண்ணாந்து நின்று முகத்தைக் காட்டினாள். நன்றாகப் பார் என்று மனதுக்குள் சொன்னாள். பிறகு ஓடினாள்.

களஞ்சியத்துக்குப் பாதி வழியில் தரை அதிர்ந்தது. வயல் வரம்போடு குப்புற விழுந்தாள். முதுகில் மண் கொட்டியது. காதிலிருந்து சூடாக எதுவோ வழிந்தது. வெடிப்புக்கு மேல் வெடிப்பு. எல்லாம் அவளுக்குப் பின்னால்.

களஞ்சியத்தில் ஒரு ஓடுகூட விழவில்லை.

டொக்டர் வாசலில் நின்று பள்ளிக்கூடத்துப் புகையைப் பார்த்தார். பிறகு அவளுடைய வெறுங்கையைப் பார்த்தார். உள்ளே போய் ரேடியோவை நிறுத்தினார்.

கமலேந்திரன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, காதைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்குத் தப்பினான். நாளைக்கு விரிக்க ஒரு முழம் துணி இல்லை.

விடிந்ததும் வண்டு வந்துவிட்டது.

காயத்துக்கு மருந்து கட்ட அவள் முதல் பாயில் குனிந்தாள். ஒரு கை போன பெண். முந்தாநாள் புருஷனை அந்தக் குழியில் போட்டவள். தலைக்கு வைத்திருந்த பையை மற்றக் கையால் இழுத்து, அடியில் துழாவி, பழைய பேப்பரில் சுற்றிய தன் கூறையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

அடுத்த பாயிலும் ஒருத்தி பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த பாயில் இருந்தவள் தன்னுடையதை நீட்டினாள்.

"இதில சரிகை இன்னும் கூட, மிஸி. வடிவாத் தெரியும்."