கோட்டை அரக்கன்

“சின்னப் பொண்ணுங்களுக்கு மந்திரமா கத்துத் தர்றே? வெட்கமா இல்ல உனக்கு?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து கத்தினார் டியூஷன் வாத்தியார் ஆதவன்.

கலைமதி எழுந்து நின்றாள். தெருப் பிள்ளைகளுக்காக அவளே உருவாக்கிய விளையாட்டு அது. செஞ்சிக் கோட்டைதான் கதைக்களம். ஐந்து சிறுமிகளும் மந்திரக்காரிகளாகப் பேசி நடித்து, தாயக்கட்டை உருட்டி, கோட்டையின் ராஜகிரி மலை உச்சியிலிருக்கும் அரக்கனை ஜெயிக்க வேண்டும்.

“வெறும் விளையாட்டுதான் சார்.”

“விளையாட்டா? அந்த அரக்கன் கண்ணாடி போட்டிருக்கானாம், கையில ஸ்கேல் வச்சிருக்கானாம், என்னை மாதிரியே இருமுறானாம். போன வாரம் அவனை ஜெயிச்சிட்டு, இப்ப டியூஷன்ல என்னைப் பார்த்துச் சிரிக்குதுங்க. எம்மேல உனக்கு இன்னா கோவம்?”

“உங்களை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”

“பொய் சொல்லாத! அப்புறம் எப்படி அப்படியே எழுதினே?”

“அரக்கனை நான் எழுதல சார். யாரைக் கண்டா ரொம்ப பயம்னு ஒவ்வொருத்தியையும் தனியா கேட்டேன். அஞ்சு பேரும் ஒரே ஆளைத்தான் சொன்னாங்க. அறையைச் சாத்திட்டு அடிக்கிறது, வீட்ல சொன்னா ஃபெயிலாக்கிடுவேன்னு மிரட்டுறது, எல்லாத்தையும் சொன்னாங்க.”

ஆதவனின் குரல் சட்டென்று இறங்கியது.

“ரெண்டு அடி போட்டாத்தான் படிப்பு ஏறும். இது நமக்குள்ளயே இருக்கட்டும்மா.”

“இன்னிக்கு விளையாடப் பொண்ணுங்களைக் கூப்பிடல சார். அவங்க அம்மாங்களைக் கூப்பிட்டிருக்கேன்.”

உள்ளறையிலிருந்து ஐந்து பெண்கள் வெளியே வந்தார்கள்.

“எல்லாத்தையும் கேட்டுட்டோம் வாத்தியாரே” என்றாள் முன்னால் வந்த கவிதா.