நீலச் சிலிப்பர்

லோரிக் கொட்டகையின் தகரக் கூரையில் மழை இரைகிறது. வெளியே தேயிலைச் சரிவு பனிமூட்டத்தில் பாதி அழிந்திருக்கிறது. சிமெண்ட் தரையில், புனிதாவும் இந்திராணியும் பிஸ்கட் டின்னில் செய்த வண்டி. நாளை லிப்பிஸ் பட்டணத்தில் நடக்கும் பள்ளிப் போட்டியில் அதன் வாயிலுள்ள உருளை சுழன்று, மூன்று நிமிடத்தில் பத்து பிங்பாங் பந்துகளை உள்ளே இழுத்தாக வேண்டும். உருளையில் சைக்கிள் டியூப் பட்டைகளை ஒட்டினால் பந்து வழுக்குகிறது. புனிதாவின் அம்மா கொழுந்து பறிக்கப் போட்ட பழைய பூட்ஸை வெட்டி ஒட்டினால் பந்தைப் பிடிக்கிறது. ஆனால், அந்தக் கனத்தைச் சுழற்ற முடியாமல், ரேடியோவிலிருந்து கழற்றிய மோட்டார் முனகி நின்றுவிடுகிறது. "டியூப்பே போதும்லா. பாதியாச்சும் வரும்," என்கிறாள் இந்திராணி. "பாதிக்காகவா லிப்பிஸ் வரைக்கும் போறோம்?" என்ற புனிதாவின் பார்வை தன் காலில் நிற்கிறது. தேய்ந்து மெலிந்த நீலச் சிலிப்பர். டியூப்பைவிடத் தடிப்பு, பூட்ஸைவிட மெது. அதைக் கழற்றி, அதன்மேல் கத்தரிக்கோலை வைக்கிறாள். "ஏய், வீட்டுக்கு எப்படி போவ?" "நடந்துதான்." வெட்டிய பட்டைகளை உருளையில் ஒட்டிவிட்டு, குளிர்ந்த சிமெண்டில் கால்விரல்களை மடக்கிக்கொண்டு சுவிட்சைத் தட்டுகிறாள். நீலப் பட்டைகள் சுழல, ஒரு பந்து உள்ளே போகிறது, பின்னாலேயே இன்னொன்று. எட்டாவது பந்தில் ஒரு பட்டை பிய்ந்து பறக்கிறது. இந்திராணி தன் சிலிப்பரைக் கழற்றிக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.